ஊதிய பிறகு என்ன ஆகும்?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் எங்கள் வழக்கறிஞர் குழு பதில் தருகிறது. ஊரை மட்டும் போட்டிருக்கிறோம், பெயர்களைப் போடவில்லை.

கோவையில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறேன். நண்பன் பிறந்தநாளில் இரண்டு பீர் குடித்துவிட்டு பைக்கில் வரும்போது போலீஸ் ஊதச் சொன்னார்கள். மெஷினில் 78 வந்தது. கோர்ட்டில் ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டிவிட்டேன். ‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது’ என்கிறார்கள். கேம்பஸில் வேலை கிடைத்திருக்கிறது. சேரும்போது நிரப்பும் படிவத்தில் ‘எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா’ என்று கேட்கிறார்கள். என்ன எழுதுவது?

‘ஆம்’ என்று எழுதுங்கள். கேஸ் முடிந்தது உண்மைதான், ஆனால் தண்டனையாக முடிந்திருக்கிறது. உங்களுக்கு இதை முன்பே யாரும் சொல்லாமல் விட்டதுதான் எங்களுக்கு வருத்தம்.

ஹெல்மெட் போடாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் ரோட்டிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அப்படிச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் 185-வது பிரிவு, அதாவது போதையில் ஓட்டுவது, இல்லை. அதனால்தான் உங்களைக் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லி நீங்கள் கட்டிய 10,000 ரூபாய், குற்றவாளி என்று தீர்மானித்து விதித்த தண்டனை. ஒப்புக்கொண்ட பிறகு ‘நான் செய்யவில்லை’ என்று மேல்முறையீடு போகவும் வழியில்லை. தண்டனை அதிகம், சட்டப்படி தவறு என்று மட்டும்தான் போகலாம்.

படிவத்தை நிதானமாகப் படியுங்கள். ‘கைது செய்யப்பட்டதுண்டா’, ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’, ‘தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று கேட்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். கேட்டதற்கு மட்டும், கேட்ட சொல்லுக்குச் சரியாகப் பதில் எழுதுங்கள். சில படிவங்களில் ‘சிறு போக்குவரத்து விதிமீறல்கள் நீங்கலாக’ என்று இருக்கும். சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றத்தை ‘சிறு’ என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

மறைத்தால் தெரியாமல் போய்விடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டே வழக்கைத் தேட முடியும். கம்பெனிகள் அமர்த்தும் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்கள் அந்தத் தேடலைத்தான் முதலில் செய்கின்றன. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அறிக்கை வந்தாலும், ‘தவறான தகவல் தந்தால் பணி நீக்கம்’ என்று ஆஃபர் லெட்டரில் நீங்கள் கையெழுத்திட்ட வரி அப்படியேதான் இருக்கும். 22 வயதில் ஒருமுறை நடந்த தவறு என்றால் எச்.ஆர். யோசித்துப் பார்ப்பார்கள். பொய் சொன்னவர் என்றால் அதற்கு மேல் பேச்சே இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அந்தக் கோர்ட்டிலேயே மனுப் போட்டு வாங்குங்கள். அபராத ரசீதை ஸ்கேன் செய்து வையுங்கள். தேதி, பிரிவு, அளவு, விபத்து ஏதும் இல்லை, அபராதம் கட்டியாயிற்று என்று ஐந்து வரிக் கடிதம் ஒன்றை இவற்றோடு இணையுங்கள். அதில் நியாயம் கற்பிக்க வேண்டாம்.

இன்னும் கோர்ட்டுக்குப் போகாமல் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. ஒப்புக்கொள்வதற்கு முன்பு ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் முதல் முறை தவறு செய்தவரைக் கண்டித்து விடுவிக்க வழி இருக்கிறது. அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதிக்குறைவு சேராது என்கிறது அதன் 12-வது பிரிவு. தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். ஆனால் அதைக் கேட்கத் தண்டனை விதிக்கும் முன்புதான் நேரம் உண்டு.

ராத்திரி 11 மணிக்கு மகன் போன் செய்கிறான்: ‘அப்பா, ஸ்டேஷன்ல இருக்கேன், ஊதினதுல மாட்டிக்கிட்டேன்.’ இப்படி ஒரு நிலை வந்தால் பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? – திண்டுக்கல்

குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவரோடு கிளம்புங்கள். வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், மகனின் லைசென்ஸ், உங்கள் அடையாள அட்டை நான்கும் கையில் இருக்கட்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும்.

இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். பிணை தருவது அவர்கள் காட்டும் தயவு இல்லை, உங்கள் மகனின் உரிமை. 185-ல் ஒருவரைக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. ஆகவே எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதை முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மெஷின் அச்சிட்டுத் தரும் சீட்டு. தேதி, நேரம், அளவு, வண்டி எண் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரதி கேளுங்கள், போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கோர்ட்டிலும் ஆர்.டி.ஓ. ஆபீசிலும், விசா எடுக்கும் நாளிலும் அந்த எண்தான் பேசும். ஊதும்போது புதுக் குழாய் மாட்டினார்களா, ஊதும் முன்பு மெஷின் பூஜ்யம் காட்டியதா என்று மகனிடம் கேளுங்கள். மௌத்வாஷோ, ஆல்கஹால் கலந்த டானிக்கோ அப்போதுதான் வாயில் பட்டிருந்தால் வாயில் தங்கிய ஆல்கஹாலையே மெஷின் கணக்கில் எடுத்துவிடும். அது 15 நிமிடத்தில் போய்விடும். அதனால் கால் மணி கழித்து மறுபடி ஊதக் கேட்பது நியாயமான கோரிக்கை. நிஜமாகவே குடித்தவருக்கு அந்தக் கால் மணியால் எந்த லாபமும் இல்லை.

வண்டியை அங்கேயே விட நேர்ந்தால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், கிலோமீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. சீட்டுக்கு அடியில் இருக்கும் காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்க ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ‘ஏதாவது பார்த்து முடிச்சுக்கலாமா’ என்று கேட்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். மகனின் 6 மாதக் குற்றத்தை மறைக்கப் போய் அப்பா 7 ஆண்டுக் குற்றத்தில் சிக்கக் கூடாது.

எவ்வளவு குடித்தால் பிடிபட மாட்டோம்? ஒரு கட்டிங் போட்டால் பரவாயில்லை என்கிறார்களே! – மதுரை

சட்டம் குறித்த அளவு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். நீங்கள் நேராக நடக்கிறீர்களா, தெளிவாகப் பேசுகிறீர்களா என்பதை இந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பிராந்தி, விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 90 மி.லி. கட்டிங்கில் ஆல்கஹால் மட்டும் சுமார் 38.5 மி.லி. எடையில் ஏறத்தாழ 30 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் 100 மி.லி.க்கு 69 மி.கி. அளவுக்குக் கொண்டுபோகும். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து 60 மி.லி. என்றாலும் 46. 650 மி.லி. பீர், 5 சதவீதம் என்றால் 58. ஸ்ட்ராங் என்று விற்கும் 8 சதவீதப் பீர் 93. குவார்ட்டர், அதாவது 180 மி.லி., 137. உடலில் நீர் பங்கு குறைவு என்பதால் பெண்களுக்கு அளவு இன்னும் ஏறும். 55 கிலோ பெண்ணுக்கு 60 மி.லி.யிலேயே 67 வரும். சாப்பாடு, உடல்வாகு, குடித்த வேகம் இவற்றால் ஏறக்குறைய இருக்கும். ஆனால் 30-க்குள் நிற்கும் என்று நம்பி ஓட்டக்கூடிய ‘பரவாயில்லை’ அளவு கடையில் விற்கும் எதிலும் இல்லை.

இறங்கும் வேகம்தான் பலருக்கும் தெரியாதது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 15 மி.கி.தான் குறைக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காபி, குளியல், வாந்தி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. பாக்கும் ஏலக்காயும் வாய் வாடையை மறைக்கும், ஆனால் மெஷின் அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை. இரவு 9 மணிக்கு ஆரம்பித்து இரண்டு குவார்ட்டர் முடித்தவருக்கு உச்சக் கணக்கு 274. அது 30-க்கு இறங்க 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் பகல் ஒரு மணி வரை அவர் சட்டப்படி ஓட்டத் தகுதியில்லாதவர். ‘தூங்கி எழுந்து குளித்துவிட்டுத்தான் போனேன், காலை எட்டு மணிக்குப் பிடித்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கும் திருச்சி வாசகருக்கும் இதுதான் பதில்.

இன்னொரு தப்புக் கணக்கு, ‘ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்பது. கடைசி மடக்கு குடித்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை அளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடையிலிருந்து கிளம்பும்போது இருந்ததைவிட வழியில் நிறுத்தும்போது அதிகமாகக் காட்டுவது அதனால்தான்.

நான் குடிப்பதே இல்லை. தோழியின் அண்ணன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். எனக்கும் 10,000 ரூபாய் என்கிறார்கள். இது நியாயமா? – சென்னை

சட்டத்தில் இடம் இருக்கிறது. போதையில் ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, பின்னால் உட்கார்ந்திருப்பவர் மீதும் இதைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. ஆனால் உடந்தை என்றால் தெரிந்து துணைபோவது. அவர் குடித்தது உங்களுக்குத் தெரியாது என்றால், பணத்தைக் கட்டிவிட்டு வராமல் கோர்ட்டில் அதைச் சொல்லி மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மேலே கோவைத் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். கட்டினால் அது தண்டனை.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எப்போது திரும்பக் கிடைக்கும்? வேறு ஊர் ஆர்.டி.ஓ.வில் புதிதாக ஒன்று எடுத்துத் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். – சேலம்

ஏஜென்டை முதலில் விட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான். சாரதி தளத்தில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு, ஆதாரும் பிறந்த தேதியும் போட்டதுமே பழையது வந்து நிற்கும். தகுதியிழப்பு இருக்கும்போது மறைத்து விண்ணப்பிப்பதே தனிக் குற்றம்.

உங்கள் லைசென்ஸை இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. ஒன்று ஆர்.டி.ஓ. போலீஸ் பறிமுதல் செய்த லைசென்ஸ் அவருக்குப் போகும். அவர் உங்களை விசாரித்து, முதல் முறை என்றால் 3 மாதம் தகுதியிழக்கச் செய்யலாம், இரண்டாவது முறை என்றால் ரத்தே செய்யலாம். விளக்கம் கேட்டு வரும் நோட்டீசுக்குக் குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். பழைய முகவரியில் இருந்தால் நோட்டீஸ் உங்கள் கைக்கே வராது, ஆகவே நீங்களே ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள். உத்தரவு தவறு என்று பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. இன்னொன்று கோர்ட். 185-ல் தண்டிக்கும்போது குறைந்தது 6 மாதத் தகுதியிழப்புக்கு உத்தரவிட வேண்டும் என்பது 20-வது பிரிவு. தீர்ப்பு நகலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ‘மூணு மாசம் முடிஞ்சுது’ என்று ஓட்ட ஆரம்பித்து, கோர்ட் போட்ட ஆறு மாதத்துக்குள் மாட்டுவது நடக்கிறது. தகுதியிழந்த காலத்தில் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

காலம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாக வராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடித்த சான்று காட்டினால்தான் தருவார்கள் என்பது 2019 திருத்தம். டெலிவரி வேலை, கால் டாக்ஸி, லாரி என்று லைசென்ஸையே நம்பிப் பிழைப்பவர்கள், தகுதியிழப்புக் காலம் முடியும் நாளுக்கு முன்பே அந்தப் பயிற்சிக்கு எங்கே, எப்போது இடம் கிடைக்கும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் சம்பளம் இல்லாத வாரம்.

பைக் என் பெயரில் இருக்கிறது. மகன்தான் ஓட்டுகிறான், சில நேரம் அவன் நண்பர்களும். குடித்துவிட்டு எங்காவது மோதினால் எனக்கு என்ன பொறுப்பு? இன்சூரன்ஸ் முழுதாகக் கட்டியிருக்கிறேன். – ஈரோடு

நல்ல கேள்வி, இதைக் கேட்காமலே சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள்தான் அதிகம்.

இன்சூரன்ஸில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கான சேதம்: ஓட்டியவர் போதையில் இருந்தால் கிடைக்காது. மெஷினில் ஊதவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை என்றால்கூட, மற்றச் சூழ்நிலைகளை வைத்துப் போதையில் இருந்தார் என்று கம்பெனி நிரூபித்தால் போதும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு: நீங்களே போதையில் ஓட்டி இறந்தால் குடும்பத்துக்கு அது வராது, பாலிசியிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. மூன்றாவது, அடிபட்டவருக்கான இழப்பீடு. அது வரும், ஆனால் அதில்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. போதையில் ஓட்டியது பாலிசி நிபந்தனை மீறல் என்று 150-வது பிரிவில் 2022 ஏப்ரல் முதல் வெளிப்படையாகவே இருக்கிறது. அடிபட்டவர் தவிக்கக் கூடாது என்று கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாயம், பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளவும் சொல்லும். உரிமையாளர் நீங்கள்.

எவ்வளவு இருக்கும்? இறந்தவர் 28 வயது, தனியார் வேலை, மாதம் 30,000 ரூபாய், மனைவியும் குழந்தையும் தாயும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 42,000. ஆண்டுக்கு 5,04,000. அவருடைய சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 3,36,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 17. மொத்தம் 57,12,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவு, துணையை இழந்ததற்கு, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. வீடும் நிலமும் ஜப்திக்கு வருவது இந்தத் தொகைக்குத்தான்.

ஓட்டியவர் மீதான வழக்கு தனி. அலட்சியத்தால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ல் போட்டால் 5 ஆண்டு வரை சிறை, பழைய சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. இப்படிக் குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று காவல்துறை கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105-வது பிரிவு. அது ஜாமீனில் விடத்தகாதது, செஷன்ஸ் கோர்ட் வழக்கு, 10 ஆண்டு வரை போகும். 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் இறந்த வழக்கில், 21 வயது ஓட்டுநருக்கு அதே வகைப் பிரிவில் தரப்பட்ட 3 ஆண்டுச் சிறையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நண்பர்களுக்குச் சாவி கொடுக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மகன்தான் முழுநேரமும் ஓட்டுகிறான், அவனுக்குச் சம்பளமும் இருக்கிறது என்றால் ஆர்.சி.யையும் பாலிசியையும் அவன் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

காவலர் தேர்வுக்குப் படிக்கிறேன். போன வருடம் ஒரு டிரங்க் அண்ட் டிரைவ் கேஸ், இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. எழுதலாமா? – விழுப்புரம்

தேர்வு எழுதலாம். தடை வருவது உடற்தகுதியெல்லாம் தாண்டிய பிறகு, நன்னடத்தைச் சரிபார்ப்பில். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகள் மற்ற வேலைகளைவிடக் கடுமையானவை. சரிபார்ப்புக்கு முன்பு குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். வழக்கு நிலுவையில் இருந்து பின்னால் மாசற்ற விடுதலை கிடைத்தாலும், அடுத்த தேர்வில்தான் மறுபடி வர முடியும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-லேயே இந்த விதிகளை ஏற்றுக்கொண்டது.

அப்படியிருந்தும் விண்ணப்பத்தில் வழக்கை எழுதியே ஆக வேண்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதன் சாரம் இது: உண்மையைச் சொன்னவரின் வழக்கு எத்தகையது, அப்போது வயது என்ன என்றெல்லாம் நிர்வாகம் எடைபோட்டுப் பார்க்கலாம், ஆனாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. மறைத்தவர் அந்த எடைபோடும் இடத்துக்கு வருவதே கடினம். உங்களுக்கு வாய்ப்பு குறைவு என்று சொல்வதுதான் நேர்மை. வயது இருக்கும்போதே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும் சேர்த்துப் படியுங்கள். அங்கேயும் வழக்கு விவரம் கேட்பார்கள், ஆனால் காவல் பணிக்குரிய அந்தத் தனி விதி அங்கே இல்லை. வழக்கை வாய்தா வாங்கி இழுக்காமல் முடிக்கப் பாருங்கள்.

குரூப் 4-ல் தேர்வாகி இரண்டு வருடமாக வேலையில் இருக்கிறேன். பிடிபட்டு அன்றே ஜாமீனில் வந்துவிட்டேன். ஆபீசில் சொல்ல வேண்டுமா? – தஞ்சாவூர்

சொல்ல வேண்டும், எழுத்தில், உடனே. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால்தான் தானாகவே தற்காலிகப் பணிநீக்கம். உங்களுக்கு அது இல்லை. ஆனால் பொது இடத்தில் போதையில் இருந்தது நடத்தை விதிகளின்படியும் தவறு, அதனால் துறை விசாரணை வரலாம். மேலதிகாரிக்கு வேறு வழியில் தெரிவதற்கு முன்பு உங்கள் கடிதம் அவர் மேஜையில் இருக்கட்டும்.

மேல்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கிறேன். பாஸ்போர்ட், விசாவுக்கு இந்தக் கேஸ் தடையாகுமா? – திருநெல்வேலி

பாஸ்போர்ட்டுக்கு முடிந்த வழக்கைவிட நிலுவையில் உள்ள வழக்குதான் இடைஞ்சல். கிரிமினல் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் மறுக்கலாம் என்கிறது பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவு. அந்தக் கோர்ட்டிலேயே வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கினால், 1993 அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் தருவார்கள். எத்தனை ஆண்டு என்று உத்தரவில் குறிப்பிடவில்லை என்றால் ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். அதனால் மனுவிலேயே படிப்புக் காலத்தைச் சொல்லிக் கேளுங்கள். அபராதத்தோடு முடிந்த வழக்கு அப்படித் தடுக்காது. தண்டனையைக் காரணம் காட்டி மறுக்க, ஒழுக்கக்கேடான குற்றமும் 2 ஆண்டுக்குக் குறையாத சிறையும் சேர்ந்திருக்க வேண்டும். படிவத்தில் மறைப்பது மட்டும் தனிக் குற்றமாகிவிடும்.

அமெரிக்க விசாப் படிவமான டி.எஸ்-160, தண்டனையை மட்டும் கேட்கவில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்றே கேட்கிறது. கடந்த 5 ஆண்டுக்குள் போதையில் ஓட்டியதற்காக ஒரு கைது இருந்தாலே, தூதரகம் தன் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் குடிப்பழக்கம் பற்றிய பரிசோதனைக்கு அனுப்பும். விசா உடனே மறுக்கப்படும் என்று அர்த்தமில்லை, தாமதமாகும். கல்லூரி தொடங்கும் தேதியை மனதில் வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பொய் சொல்லி அகப்பட்டால் வாழ்நாள் தடைவரை போகும். அங்கே போன பிறகு இதே குற்றத்தில் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறையும் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை படிப்பு தொடரலாம், ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பத்தான் புது விசா வேண்டும். அக்காள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போவது இப்படித்தான்.

கனடா இதைவிடக் கடுமை. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே போதையில் ஓட்டுவதற்கு உச்ச தண்டனை 10 ஆண்டு. அதற்கு இணையான குற்றத்தில் வெளியே தண்டனை பெற்றவரையும் கடுங்குற்றம் செய்தவர் என்ற பிரிவில் வைத்து நுழைவை மறுக்கலாம். தண்டனை முழுதும் முடிந்து 5 ஆண்டு கழித்து, அந்தத் தடையை நீக்கக் கேட்கும் ‘மறுவாழ்வு’ மனுப் போடலாம். அங்கே அளவு 80 மி.கி., நம்முடையது 30. உங்கள் சீட்டில் 45 இருந்தால் ‘இணையான குற்றம் இல்லை’ என்று வாதிட இடம் உண்டு, 140 இருந்தால் இல்லை. அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கப்பல் வேலைக்குப் போகும் தூத்துக்குடித் தம்பிகளும் இதைக் கவனியுங்கள். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலில் ஏற மாலுமிகளுக்கான சி1/டி விசா தேவை. மேலே சொன்ன அதே கேள்வி, அதே மருத்துவப் பரிசோதனை உங்களுக்கும் உண்டு. விசா வரத் தாமதமானால் கம்பெனி உங்களுக்காகக் காத்திருக்காது, அடுத்தவரை ஏற்றிவிடும்.

என் தம்பிக்கு 17 வயது. சின்னப் பையன் என்று விட்டுவிடுவார்களாமே? – வேலூர்

அவனைச் சிறார் நீதிக் குழுமத்தில் விசாரிப்பார்கள். விடமாட்டார்கள் என்பது பெற்றோரை. 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. தம்பிக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸே கிடையாது. இதெல்லாம் குடிக்காமல் ஓட்டினாலும் பொருந்தும்.

ஊத மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? ஆதாரமே இருக்காதே! – நாகர்கோவில்

குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்து, ஊதவும் மறுத்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் (பிரிவு 203). ஸ்டேஷனில் வைத்து மருத்துவரிடம் ரத்தம் தரச் சொல்லலாம் (204). தக்க காரணமில்லாமல் அதையும் மறுத்தால், அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுவாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் (205). ஊதியவருக்கு ஒரு எண்ணாவது கையில் இருக்கும். மறுத்தவரின் தாளில் ‘கைது’ என்ற சொல்லும் ‘மறுத்தார்’ என்ற சொல்லும்தான் இருக்கும்.